தீட்டுப்படாத முதல்வர்

என் தங்கை வீட்டுக்காரர் எபிரெய வாத்தியார். போதகராகப் போகிற பிள்ளைகளுக்கு வேதம் முதலில் எழுதப்பட்ட அந்தப் பழைய மொழியை இறையியல் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். அந்த எழுத்து வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஓடுமாம். மனுஷரும் அப்படித்தான். ஊர் கிழக்கே போனால் இவர் மேற்கே போவார்.

அவர் கல்லூரி இருந்த தெருவில் கல்லூரிகள் மூன்று. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உலகம் ஆறே நாளில் உண்டானதா, நாள் என்றால் யுகமா என்று பெரியவர்கள் மல்லுக்கட்டியதில், ஆறு நாள்காரர்கள் தாய்க் கல்லூரியை விட்டுப் பிரிந்தார்கள். பிரிந்தவர்களில் சிலர் பழைய சிநேகிதர் வீட்டுச் சாவுக்குப் போய் ஜெபித்துவிட்டார்கள். அது பொறுக்காதவர்கள் மறுபடி பிரிந்தார்கள். அந்தக் கடைசிக் கல்லூரிதான் எங்கள் வாத்தியாருடையது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. தவறான உபதேசக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு வேலை கிடையாது. அப்படிச் சாப்பிட்டவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவருக்கும் கிடையாது. இரண்டாவது பாதியை எழுதிச் சேர்த்தவர் எங்கள் ஆள்தான். அதில் முதலில் சிக்கியவர் பாட்டு வாத்தியார். தன் மச்சானோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தார், போயிற்று வேலை. அந்த மச்சான் தாய்க் கல்லூரித் தோட்டக்காரர் வீட்டில் விருந்து சாப்பிட்டவராம்.

இந்தச் சமயத்தில் முதல்வர் நாற்காலி காலியானது. வாத்தியார் வாலிபத்திலிருந்து கண் வைத்திருந்த நாற்காலி. அதே சமயம் அவர் மகள், நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஒருவனைக் கட்டுவேன் என்று நின்றாள். அவன் அப்பா தாய்க் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுப்பவர். அடித்தது பார் யோகம்!

ஆட்சிக்குழு தெளிவாகச் சொல்லிவிட்டது: கல்யாணத்துக்குப் போனால் நாற்காலி இல்லை.

வாத்தியார் தடித்த அகராதிகளைப் புரட்டிவிட்டு வந்தார். "நான் வாசல்ல நிக்கறேன். வாசல்ல நின்னா ஐக்கியம் ஆகாது."

"வாட்ச்மேனுக்கு ஏற்கெனவே ஆள் போட்டாச்சுப்பா" என்றாள் மகள்.

"அப்ப நான் வரல."

அதோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பதவியை முடிவு செய்ய ஆட்சிக்குழு பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்தது. ஐந்து பேரில் நாலு பேர்தான். மரக்கடை வைத்திருந்த ஐந்தாமவருக்கு வயிற்றுப்போக்கு. தங்கையும் நானும் பரிமாறினோம். தலைவர் பெரிய மனசு பண்ணி, "நீங்களும் உட்காருங்கம்மா, ஒரே குடும்பம்தானே" என்று தங்கையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டாள்.

"உங்க கைப்பக்குவம் பிரமாதம்மா."

"சம்பந்தி அம்மா சொல்லிக்கொடுத்ததுங்க ஐயா. வாரா வாரம் அவங்க வீட்டுலதான் எனக்குச் சாப்பாடு. நேத்தும் சம்பந்திகூட உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்."

தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"எழுந்திரிச்சிடலாமா?" என்றார் செயலாளர்.

"எழுந்திரிச்சா? முழுங்கினதை என்னய்யா பண்றது?" என்றார் பொருளாளர், மென்றுகொண்டே.

தலைவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "சட்டம் எழுதினவர் நீங்க. சொல்லுங்க."

வாத்தியார் எழுந்து அகராதி அலமாரிப் பக்கம் போனார்.

வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் விஷயம் அந்த மேஜையோடு போயிருக்கும். ஆனால் காட்டிக்கொடுத்தே வளர்ந்த கூட்டம். ஒருவரை ஒருவர் நம்புமா? மற்றவன் முந்திக்கொள்வான் என்று பயந்து, கை ஈரம் காய்வதற்குள் நாலு பேரும் தனித்தனியாக மரக்கடைக்காரர் வீட்டுக்கு ஓடினார்கள். அவர் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலு பாவ அறிக்கை கேட்டார். கறைபடாதவர் இனி தான் ஒருவரே என்று அவருக்கு விளங்கியது. எபிரெயத்தில் ஓரெழுத்து அறியாத மனுஷர் முதல்வரானார். நாலு பேரையும் குழுவிலிருந்து நீக்கினார். எங்கள் வாத்தியாரின் சீட்டை அதற்கு முன்பே கிழித்திருந்தார்.

கல்யாணத்தன்று வாத்தியார் ஆலய வாசல்வரை வந்து நின்றுவிட்டார். மகள் இறங்கி வந்தாள்.

"இன்னும் என்னப்பா போயிடப்போகுது? வாங்க."

அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

விருந்தில் அந்த நாலு பேரும் ஒரு மேஜையை வளைத்துப்போட்டு வெட்கமில்லாமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் எட்டடி தள்ளி நின்றார்.

"அவங்க பக்கத்துல நான் உட்கார மாட்டேன். சமரசக்காரங்க" என்றார்.

மகள் காதில் வாங்காமல் இழுத்துக்கொண்டு போய்ச் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பசி, சாப்பிட்டார்.