முன்சீட்டுச் சமூகவியல்

எங்கள் மேடம் தேனியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் இணைப் பேராசிரியர். பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்கு ஒருமுறை போய், "களப்பணி போதாது" என்ற பதிலோடு திரும்பி வந்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் அடுத்த நேர்காணல். அதற்குள் உருப்படியான ஒரு கள ஆய்வு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் 'இணை' என்ற ஒட்டோடுதான் ஓய்வு பெற வேண்டும்.

நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். மேடத்தின் ஆய்வுத் தகவல்களைத் தொகுப்பது என் வேலை. சமூகவியலில் அப்போது எனக்குத் தெரிந்தவை மூன்று: கேள்வி நீளமாக இருக்கும், பதில் குட்டையாக இருக்கும், நடுவில் டீ வரும்.

கம்பத்திலிருந்து தினமும் விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். எல்லாம் கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்கு. அந்த ஜீப்பில் யார் எங்கே உட்காருகிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் மேடத்தின் ஆய்வு. முறை, பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது ஆராய்கிறவர் அந்த மக்களில் ஒருவராகக் கலந்துவிட வேண்டும். இதை மேடம் வகுப்பில் ஒரு செமஸ்டர் நடத்துவார். ஜீப் டிரைவர் ஒரு நொடியில் முடித்துவைத்தார்.

"டீச்சர் முன்னால ஏறுங்க."

"இல்லப்பா, நான் பின்னால அவங்களோட..."

"நல்லாருக்கே! காலேஜ் டீச்சரைப் பின்னால ஏத்திட்டுப் போனா ஊருல என்னைய என்ன சொல்லுவாக?"

முன்சீட்டைத் துண்டால் தட்டினார். மேடம் ஏறினார். மறுநாள் பழைய சேலை கட்டி வந்தார். "என்ன டீச்சர், வீட்ல தண்ணி வரலையா, தொவைக்கலையா?" என்று பெண்கள் விசாரித்துவிட்டு மறுபடியும் முன்னால் ஏற்றினார்கள். இப்படியே வாரக்கணக்கில் மேடம் உற்றுநோக்கியது வண்டியின் முன்கண்ணாடியையும், டிரைவரின் இடது காதையும்தான்.

நான் 'டீச்சர் கூட வந்த பிள்ளை' என்பதால் எனக்கு நடுவரிசை. பக்கத்தில் இருந்த அக்காவிடம் கேட்டேன், "சீட்டெல்லாம் எப்படிக்கா பிரிப்பீங்க?"

"பிரிக்கிறதென்னத்தா! எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான் போறோம். வாந்தி வர்றவுக மட்டும் கதவோரம் உக்காருவாக. அங்கன காத்து வரும்ல."

பின்கதவோரம் மூன்று பேர். புழுதி முதலில் அவர்கள் மேல்தான் விழும், தூறல் போட்டால் சாரலும். தார்ப்பாயை இழுத்துப் பிடிப்பதும் அவர்கள்தான். தகவல் பதிய நான் எழுதியிருந்த செயலியில் 'வாந்தி: ஆம், இல்லை' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தேன். தினமும் 'இல்லை' என்றே பதிந்தது. மலைப்பாதைக்கு உடம்பு பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜினியர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நேர்காணல் நெருங்கியது. கையில் இருந்த தகவலை வைத்துக் கண்ணாடி துடைக்கும் முறை பற்றித்தான் கட்டுரை எழுத முடியும். மேடத்தின் முகம் வாடியதைப் பார்த்த டிரைவர், பசி என்று முடிவு கட்டினார். அன்று வண்டி கிளம்பும் முன் நெய்ப் பொங்கலும் உளுந்த வடையும் வாங்கி வந்து, கூடவே நின்று சாப்பிட வைத்தார். மேடம் தஞ்சாவூர்ச் சமவெளிக்காரர். கம்பம்மெட்டுப் பாதையின் வளைவுகளில் அந்த மரியாதை முழுவதும் கியர் கம்பி மேல் திரும்பி வந்தது.

"பரவால்ல டீச்சர்," என்றார் டிரைவர். அடுத்த வளைவிலும் "பரவால்ல" என்றார். அதற்கடுத்த வளைவில் வண்டியை ஓரங்கட்டினார்.

"டீச்சர்... பின்னால காத்து நல்லா வரும்."

மேடம் இறங்கிப் பின்கதவோரம் போனார். அப்படி மலர்ந்த முகத்தோடு வாந்தி எடுத்தவரை நான் பார்த்ததில்லை. அந்த மூவரில் மூத்தவர் முந்தானையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்க்கக் கொடுத்தார்.

"உங்களுக்கும் தினமும் வாந்தி வருமாம்மா?" என்று கேட்டார் மேடம்.

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். மூவரும் சிரித்தார்கள்.

"எங்களுக்கு என்னத்துக்கு டீச்சர் வாந்தி வருது? இந்தப் பழம் எங்க மதினி ஊறுகாய் போடக் கேட்டது. நாங்க ஊர்க்கோடி மேட்டுக்கு அந்தப்பக்கத் தெரு, எங்களை ஒட்டி உக்கார மாட்டாக. வெளிய சொல்லிக்கிற மாதிரி ஒரு காரணம் வேணும்ல, அதான் வாந்தி."

நடுவரிசை திடீரென்று வேடிக்கை பார்க்கத் தொடங்கியது, வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லாதபோதும்.

"இதை நான் எழுதலாமா?"

"எழுதுங்க. தெருப் பேரு மட்டும் வேணாம். தெனம் இதே வண்டியிலதான் போவணும்."

அன்று இரவு என் செயலியின் அத்தனை 'இல்லை'களையும் திரும்பப் பார்த்தோம். அவை சரியான பதில்கள்தான். நான்தான் அவற்றைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேர்காணலில் ஒரு மூத்த பேராசிரியர் மேடத்திடம், "அந்தப் பெண்களின் நம்பிக்கையை எந்த முறையில் பெற்றீர்கள்?" என்று கேட்டாராம்.

"பொங்கல் ஒத்துக்கலை சார்," என்றாராம் மேடம்.

முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பதவி கிடைத்தது.

கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த மூவருக்கும் படித்துக் காட்டக் கம்பத்துக்குப் போனோம். டிரைவர் முன்சீட்டில் புதுத்துண்டே விரித்து வைத்திருந்தார்.

"இப்பப் பெரிய புரொபசராயிட்டாக! இனி டீச்சர் முன்னாலதான்."

மேடம் நேராகப் பின்கதவுக்குப் போனார். மூவரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"என்ன டீச்சர், இன்னுமா வாந்தி நிக்கல?" டிரைவருக்கு நிஜமாகவே கவலை.

"நிக்கலப்பா," என்றார் மேடம், வண்டி முழுக்கக் கேட்கிற குரலில். "இந்த வண்டியில நிறைய பேருக்கு ரொம்ப வருஷமா நிக்கலையாமே."

நடுவரிசையில் யாரும் சிரிக்கவில்லை. கதவோரம் மூவர் சிரித்தார்கள். டிரைவர் வண்டியை எடுத்தார். முன்சீட்டில் புதுத்துண்டு மட்டும் தனியாக மலையேறியது.