கடற்பாட்டா, தாலாட்டா?

வானொலியில் பாட்டுப் போடுகிறவருக்குப் பாட்டுக் கேட்க வாய்ப்பதில்லை. பாட்டு ஓடுகிற மூன்றரை நிமிடத்தில்தான் இருமலாம், தண்ணீர் குடிக்கலாம், அடுத்த அழைப்பை எடுக்கலாம். முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியொன்றில் இருக்கும் சிறிய வானொலியில், வாரம் இரண்டு முற்பகல் நேயர்களோடு கதைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. வெறும் வீட்டில் என் குரலை நானே மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒப்புக்கொண்டேன்.

போன வருடம் எங்கள் முகாமையாளர் ஒரு போட்டி வைத்தார். எக்காலத்துக்கும் பெரிய பாட்டு எது? மூன்று மாதம் நேயர்கள் வாதாடலாம். ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு வாக்கு. வெல்லும் பாட்டை வருடம் முழுவதும், ஒவ்வொரு நாளும், மதியச் செய்திக்கு முன்னால் போடுவோம். வாக்குகளை எழுதும் கொப்பி என் பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் மற்றவை எல்லாம் உதிர்ந்து இரண்டு பழைய சினிமாப் பாட்டுகள் மிஞ்சின. ஒன்று கடற்பாட்டு, மற்றது தாலாட்டு. பெயர்களைச் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். காயம் ஆறியிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

வெங்காயப் பாத்தி

கோப்பாயிலிருந்து ஒரு தோட்டக்காரர் அழைத்தார். தண்ணீர் இறைக்கும் மிசினின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்தார். அவருடைய கட்சி தாலாட்டு. காரணம், அது ஒரு தரம் பாடி முடிகிற நேரத்தில் வெங்காயப் பாத்தி மூன்றுக்குத் தண்ணீர் கட்டலாமாம். கடற்பாட்டுப் போனால் அவருடைய மனைவி அந்த வேகத்துக்கு மண்வெட்டியை வீச, வரம்பு உடைந்து தண்ணீர் பக்கத்துக் காணிக்குப் போய்விடுமாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, பாட்டின் பெருமையை அதன் சொல்லையும் இராகத்தையும் வைத்தல்லவா பார்க்கவேண்டும்?" என்று படிப்பித்த பழக்கத்தில் கேட்டுவிட்டேன். மிசினை நிறுத்திவிட்டு, அமைதியில், அவர் சொன்னார்: "ரீச்சர், நீங்கள் கதிரையிலை இருந்து பாட்டுக் கேக்கிறியள். ஒருக்கால் சேத்துக்குள்ளை நிண்டு கேட்டுப் பாருங்கோ, எது பெரிசு எண்டு கால் சொல்லும்."

கிணற்றடிச் சாட்சி

ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஒருவர் இரண்டு பாட்டையும் தள்ளிவிடச் சொன்னார். பண்ணோடு பாடிய தேவாரம் இருக்கும் மண்ணில் சினிமாப் பாட்டுக்கு மகுடம் சூட்டுவது வெட்கக்கேடு என்றார். ஒன்பது நிமிடம் கதைத்தார். எனக்குப் பாதி மனம் அவர் பக்கம்தான். காலையில் கோயிலில் இருந்து வரும் ஒரு தேவார அடி என்னை எத்தனை நாள் கட்டிலிலிருந்து எழுப்பியிருக்கிறது.

அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது, அந்தப் பக்கத்தில் தொலைபேசி கை மாறியது. அவருடைய மனைவி. அடக்கமான குரல். "ரீச்சர், எங்கடை வாக்கைக் கடற்பாட்டுக்குப் போடுங்கோ. உவர் கிணத்தடியிலை குளிக்கேக்கை பாடுறது அதுதான். அதுவும் அந்தப் பொம்பிளை பாடுற இடத்தை."

ஓட்டோத் தரிப்பிடம்

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போக ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டோ புறப்படவில்லை. சாரதியும் பக்கத்து ஓட்டோக்காரரும் என் போட்டியைப் பற்றித்தான் சண்டை. "கடலைக் காணாதவனுக்கும் அதைக் கேட்டால் வாயிலை உப்புக் கரிக்கும், தெரியுமோ?" என்றார் இவர். "அழுகிற பிள்ளையை நித்திரையாக்காத பாட்டு ஒரு பாட்டே, அண்ணை?" என்றார் அவர். பின்னாலிருந்து "போவமோ?" என்று கேட்ட என் குரலை அடையாளம் கண்டதும் இரண்டு பேரும் நீதி கேட்டார்கள்.

நடுவருக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது என்றேன். சொந்தமாக எனக்கொரு பாட்டு இருக்கிறது. ஆனால் அதை வெளியே சொல்லும் வயதைத் தாண்டிவிட்டேன். என் சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அபிப்பிராயம் இல்லாத ஆக்களை ஏத்தப் பயமாக் கிடக்கு அம்மா. எங்கை இறங்கிறது எண்டதாவது தெரியுமோ?"

போட வேண்டாம்

மகேஸ்வரி என்று சொல்லிக்கொண்டவர் நிகழ்ச்சி நேரத்தில் அழைக்கவில்லை. முடிந்த பிறகு அலுவலக இலக்கத்துக்கு எடுத்தார். வடகரையில் ஒரு மீன்பிடி ஊர். வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்.

"ரீச்சர், கடற்பாட்டு வெல்லப் பாக்குது, என்ன?"

"ஓம் போலத்தான் இருக்கு."

"வெண்டால் ஒவ்வொரு நாளும் போடுவியள். போட வேண்டாம் ரீச்சர்."

மத்தியானம் உங்கள் ரேடியோவை நிறுத்திவிடலாமே என்றேன். "என்ரை ரேடியோவை நிப்பாட்டுவன். ஒழுங்கையிலை வீட்டுக்கு வீடு பாடுற ரேடியோவை என்ன செய்யிறது?" என்றார். பிறகு, யாரோ அயலவரின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். "அவர் தொழிலுக்குப் போன நாள். நான் வளவுக்கை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். பக்கத்து வீட்டு ரேடியோவிலை அந்தப் பாட்டு. நானும் கூடப் பாடினனான். படலையடியிலை நாலு பேர் வந்து நிண்டவை. அவரோடை கடலுக்குப் போறவை. கண்டனான், ஏதோ வலை விசயமாக்கும் எண்டு பாட்டை விடேல்லை. அவை உள்ளுக்கு வரேல்லை ரீச்சர். நான் பாடி முடியட்டும் எண்டு நிண்டவை. முடிஞ்ச பிறகுதான் சொன்னவை."

என் வாயில் வந்தது மடத்தனமான கேள்விதான். அப்படியானால் அந்தப் பாட்டில் உங்களுக்கு வெறுப்பா என்று கேட்டேன். "சீச்சீ. நடுவிலை நிப்பாட்டேலாத பாட்டு ரீச்சர் அது."

கொப்பி

கடைசி நாள் எண்ணினேன். கடற்பாட்டு பதினொரு வாக்கால் முன்னுக்கு நின்றது. முப்பது வருடத்தில் ஒரு பிள்ளைக்கு அரைப் புள்ளி கூட்டிப் போட்டவளில்லை. தாய்மார் வந்து அழுதபோதும் போட்டதில்லை. அந்த இறுக்கத்தைப் பெருமை என்று நினைத்திருந்த காலமும் உண்டு. ஆனால் எங்கள் போட்டியில் ஒரு விதி இருந்தது. ஒரே இலக்கத்திலிருந்து இரண்டு தரம் வாக்களித்தால் இரண்டும் செல்லாது. இரண்டு கட்சியிலும் அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். கடற்பாட்டின் பக்கங்களில் அந்த விதியைக் கூரிய பென்சிலால் நிறைவேற்றினேன். தாலாட்டின் பக்கங்களில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கடற்பாட்டுக்கு இருபது வாக்குகள் போயின. தாலாட்டு ஒன்பதால் வென்றது.

முகாமையாளரிடம் கொப்பியை நீட்டினேன். அவர் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார்; திறக்கட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் அட்டையை மட்டும் தடவிவிட்டுத் திருப்பித் தந்தார். "ரீச்சர் எண்ணினால் பிறகென்ன? உங்களிலை பிழை பிடிக்க ஆர் இருக்கினம்?"

தோல்வி

தாலாட்டு வென்றது என்று அறிவித்தேன். கோப்பாய்த் தோட்டக்காரர் ஒரு பிடி வெங்காயம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஓட்டோக்காரர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டையும் தாங்கினேன். ஒருத்தியின் மத்தியானங்களைக் காப்பாற்றியிருக்கிறேன் என்ற நினைப்பு எனக்குப் போதுமாக இருந்தது.

மகேஸ்வரி அழைத்தார். நன்றி சொல்வார், "அதுக்கென்ன" என்று சொல்லவேண்டும் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"என்ன ரீச்சர் இது? கடற்பாட்டுத் தோத்துப்போச்சு எண்டு சொல்லுறியள்?"

"நீங்கள்தானே போட வேண்டாம் எண்டு..."

"போட வேண்டாம் எண்டுதான் சொன்னனான். தோத்துப்போச்சு எண்டு ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னனானே?" அவர் அழுகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அன்று தன் கதையைச் சொன்னபோது அவர் அழவில்லை. "நாலு ஆம்பிளையள் செத்த வீட்டுச் செய்தியைக் கொண்டுவந்து, வாய் திறவாமல் நிண்ட பாட்டு ரீச்சர் அது. அது தோக்குமே?"

அடுத்த நிகழ்ச்சியில் எண்ணிக்கையில் நான் அறிந்தே பிழை விட்டேன், வென்றது கடற்பாட்டு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். காரணத்தை முகாமையாளருக்கு மட்டும், பெயர் சொல்லாமல், சொன்னேன். என்னை நிறுத்திவிடுவார் என்று கைப்பையோடுதான் போய் நின்றேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "அப்ப மத்தியானம் எதைப் போடுறது, ரீச்சர்?"

அதனால்தான் எங்கள் வானொலி நாள்தோறும் மதியச் செய்திக்கு முன்னால் "எக்காலத்துக்கும் பெரிய பாட்டு கடற்பாட்டு" என்று என் குரலில் அறிவித்துவிட்டுத் தாலாட்டைப் போடுகிறது. நேயர்களே, அதைக் கேட்டு எங்கள் இயந்திரத்துக்குத்தான் பழுது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதற்கு மெத்த நன்றி.