வெங்காயத்துக்கு ஊற்றிய தேத்தண்ணி

இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைக்குக் கீழே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து உயிரியல் படிக்கப் பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல் என்று பலர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது வராது. கொழுந்து பறித்துக்கொண்டே அம்மா என்னை ஒற்றை ஆளாகப் படிக்க வைத்தார், நான் படித்தேன். பெருமைப்பட எங்கள் இரண்டு பேருக்குமே உரிமை இருக்கிறது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில் இறுதி வருட ஆய்வுக்கு வெங்காய வேரை எடுத்துக்கொண்டேன். வேரின் நுனியில் ஒரு சின்னக் கூட்டமாகக் குருத்துக் கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருக்கின்றன. அவை பிரிந்து பிரிந்துதான் வேர் நீளுகிறது. சுவாசிக்கும் எந்தக் கலத்துக்குள்ளும் தாக்கும் குணமுள்ள சில ஒட்சிசன் வடிவங்கள் உருவாகும். புண் கழுவும் ஐதரசன் பேரொட்சைட்டும் அந்தக் குடும்பம்தான். அவை கலத்தை அழிக்கும் நஞ்சு என்றே நாங்கள் படித்திருந்தோம். கொஞ்சமாக இருந்தால் அவையே கலப்பிரிவைத் தூண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஆய்வு சரிவராவிட்டால் சிறப்புப் பட்டம் கிடையாது. விரிவுரையாளராகும் ஆசையையும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

பாதி வேலையில் இருக்கும்போது வேலைநிறுத்தம் வந்து பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். விடுதியையும் காலி பண்ணச் சொன்னார்கள். நான் வெங்காயங்களையும் போத்தல்களையும் ஒரு பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெரகல வரை வந்து, அங்கே மாறி ஊர் போய்ச் சேர்ந்தேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவின் ஜன்னலோரம் ஆய்வுகூடமானது. சில போத்தல்களில் பேரொட்சைட்டுக் கலந்த தண்ணீர், சிலவற்றில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரில் நிற்பவற்றோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றைப் பற்றி எதையும் சொல்ல முடியும்.

எங்கள் லயத்தில் மிஞ்சிய தேத்தண்ணியை யாரும் சாக்கடைக் கானில் கொட்டமாட்டார்கள். பழைய தகரத்தில் நிற்கும் ரோசாவுக்கோ கறிவேப்பிலைக் கன்றுக்கோ அது போய்விடும். ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால், வெறும் தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கின்றன.

"அம்மா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"தேத்தண்ணிதான். வெறும் தண்ணியில நின்னுச்சு, பாக்கப் பாவமா இருந்திச்சு."

"ஐயோ, இது பரிசோதனைக்கு வச்சதும்மா."

"ரோசாவுக்கு நெதம் அதத்தான் ஊத்துறேன். அது பூக்கலையா?" என்று கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுத்த நாட்களில் தேத்தண்ணியில் நின்ற வேர்கள் வளராமல் அப்படியே நின்றுவிட்டன. ஆத்திரத்தோடே அவற்றின் நுனிகளையும் வெட்டி, பழுதாகாமல் இருக்க மதுசாரத்தில் போட்டு வைத்தேன்.

பல்கலைக்கழகம் திறந்ததும், என் ஆய்வுக்குப் பொறுப்பான யாழ்ப்பாணத்து மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதை எறிஞ்சுபோடாதேயும். முதல்ல நுணுக்குக்காட்டிக்குள்ள வைச்சுப் பாரும்" என்றார்.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பேரொட்சைட்டு மிகக் குறைவாக இருந்த வேர்களில் பிரியும் கலங்கள் நிறைந்திருந்தன. கூடுதலாக இருந்தவற்றில் பிரிவு நின்றுபோயிருந்தது. தேத்தண்ணி வேர்களிலும் பிரியும் கலங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் அந்த ஒட்சிசன் வடிவங்களைத் தணிக்கக்கூடியவை. நஞ்சைக் குறைத்தால் கலம் செழிக்க வேண்டும், இங்கே சோம்பிக் கிடந்தது. கறிக்கு உப்பு மாதிரிதான் இதுவும், கூடினாலும் ஆகாது, இல்லாவிட்டாலும் ஆகாது. உடனே துள்ளிக் குதிக்க மிஸ் விடவில்லை. "கஃபீனும் கலப்பிரிவைக் குழப்பும், தெரியும்தானே?" என்றார். புதிதாக வெங்காயம் வாங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். கஃபீன் நீக்கிய தேயிலைச் சாற்றிலும் பிரிவு குறைந்தது. அதே சாற்றில் துளி பேரொட்சைட்டைச் சேர்த்தபோது, முழுதாக இல்லை என்றாலும், கலங்கள் மறுபடி பிரியத் தொடங்கின. அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆய்வைப் பற்றிக் கேள்வி கேட்கும் நேர்முகப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார். "தேத்தண்ணி உடம்புக்கு நல்லது என்று உலகம் முழுக்கச் சொல்லி விற்கிறோம். அது கலப்பிரிவை நிறுத்துகிறது என்கிறீர்களே. தேயிலையால் சோறு தின்னும் நாட்டில் இப்படிப் பேசலாமா?" அவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் புள்ளி போடும் பேனை அவர் கையில் இருந்தது.

தேத்தண்ணியில் ஊறும் வேரும் அதைக் குடிக்கும் மனுஷரும் ஒன்றில்லை என்று முதலில் விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்த எங்களில் பலர், ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தை மறைத்து, பக்கத்து நகரமான பதுளை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிற காலம் அது. எனக்கு வாய் நிற்கவில்லை. "என் அம்மா சின்ன வயதிலிருந்து அந்தக் கொழுந்தைப் பறிக்கிறார், சேர். இந்த நேரமும் மலையில்தான் நிற்பார். அதன் நல்லதையும் கெட்டதையும் சொல்ல இந்த அறையில் எனக்குத்தான் அதிக உரிமை இருக்கிறது" என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு அடுத்த படத்தைக் காட்டச் சொன்னார்.

சிறப்புப் பட்டம் கிடைத்தது, முதல் வகுப்பிலேயே. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் தமிழில் சொன்னேன். கலங்களைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். பேராசிரியர் கேட்டதைச் சொன்னபோது அடுப்பிலிருந்து திரும்பி உட்கார்ந்தார்.

"என்னைய கொழுந்து பறிக்கிறவள்னு சொன்னியா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அத்தன பெரிய ஆளுங்க முன்னாலயா?"

"அவங்க முன்னாலதாம்மா."

அம்மா இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "இன்னொருக்கா சொல்லு, எப்படிச் சொன்ன?" என்றார்.