சங்கீதக் கல்வியின் ஏழு நோக்கங்கள்

பெட்டியைத் திறந்தவுடன் முதலில் வருவது சுருதியல்ல, கற்பூர மணம். கோப்பாயிலிருந்து சைக்கிளில் வரும் எங்கள் சங்கீத ரீச்சர், கரியரில் பழைய ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவரும் சுருதிப்பெட்டியைச் சேலைத் துணியிலிருந்து பிரித்து மேசையில் வைத்து, பூச்சி அரிக்காமல் உள்ளே போட்டிருந்த கற்பூரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துருத்தியை அமுக்கினால், அது தடிமன் பிடித்த கிழவரைப்போல இரண்டு முறை இருமிவிட்டுத்தான் "ஸ"வைப் பிடிக்கும். அது ரீச்சரின் சொந்தப் பெட்டி. யாழ்ப்பாண நகரத்திலிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் இருந்தது, கணினிக்குப் பூட்டுப் போட்ட அறை இருந்தது, சங்கீதத்துக்கு சைக்கிள்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. மழை பெய்தால் அங்கே பாடவும் முடியாது, பாடுவதைக் கேட்கவும் முடியாது.

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன், எனக்குப் பாட வராது. அந்தக் காலத்திலும் வராது. சித்திரம், நடனம், சங்கீதம் என்ற அழகியல் பாடங்களில் ஒன்றை எடுத்தாக வேண்டும், நான் சங்கீதம் எடுத்தது அப்பாவின் யோசனை. "சித்திரமெண்டால் கை வேணும், நடனமெண்டால் கால் வேணும், சங்கீதத்துக்குப் பாடமாக்கினாக் காணும்" என்பார், மனப்பாடம் செய்தால் போதும் என்பது அவருடைய சித்தாந்தம். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் பதினோராம் ஆண்டில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஒன்பது "ஏ" எடுத்த பிள்ளைகளின் பெயர்களை அவர் நாயன்மார் பெயர்களைப்போல வரிசை தப்பாமல் சொல்வார், அந்த வரிசையில் என் பெயரும் வந்தாக வேண்டும். பாடிக் காட்டும் பரீட்சையில் தாளம் பிசகாமல் ஒப்புவித்தால் எப்படியும் பாஸ் போடுவார்கள், மிச்சத்தை எழுத்தில் எடுத்துவிடலாம் என்று அவர் யாரிடமோ விசாரித்தும் வைத்திருந்தார்.

என் பக்கத்தில் இருந்தவள் ஜெனிற்றா. குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர், தாய் சந்தையில் மீன் விற்கிறவ. தவக்காலத்தில் கோயிலில் சிலுவைப்பாதைப் பாட்டுக்கு முன்னுக்கு நின்று பாடிப் பழகிய குரல் அவளுடையது. எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், மறுமுறை அவள் வாயிலிருந்து வரும். கொட்டிலில் அவள் பாடத் தொடங்கினால் எதிர்க் கட்டடத்தில் விஞ்ஞான சேர் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிடுவார் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த செய்தி.

ஆனால் எழுத்தில் அவள் கோட்டை விட்டுவிடுவாள். பத்தாம் ஆண்டுத் தவணைப் பரீட்சையில் "சுருதி என்றால் என்ன?" என்று கேட்டிருந்தார்கள். நான் கொப்பியிலிருந்து பாடமாக்கியபடி நாலு வரி எழுதி முழுப் புள்ளியும் வாங்கினேன். அவள், "ரீச்சர் பெட்டியை அமுக்கேக்கை எங்கடை சத்தம் போய் நிக்கிற இடம்" என்று எழுதியிருந்தாள். ரீச்சர் அதை வாசித்துக் காட்டியபோது வகுப்பு சிரித்தது, எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தவள் நான். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல விடையை நான் எங்கும் வாசிக்கவில்லை.

அந்தத் தவணையோடு பள்ளிக்கூட அதிபர் ஒரு முடிவெடுத்தார். அழகியல் பாடத்தில் பெயில் வரக்கூடிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் பெறுபேற்றை விழுத்திவிடுவார்களாம், அவர்களைச் சித்திரத்துக்கு மாற்றிவிட வேண்டுமாம், அங்கே ஒரு செவ்வரத்தம்பூவைக் கீறி நிறம் தீட்டினாலும் பாஸ்தானாம். பட்டியலில் ஜெனிற்றாவின் பெயர் முதலாவதாக இருந்தது. அன்று அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. "கணக்கும் போச்சு, இங்கிலிசும் போச்சு, எனக்கு இங்கை வந்து இருக்கிறதுக்கு உது ஒண்டுதானேயடி இருக்கு" என்றாள்.

ரீச்சர் அதிபரோடு வாதாடக்கூடியவரல்ல. ஆனாலும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "அடுத்த கிழமை கல்விக் கந்தோரிலையிருந்து பாக்க வருகினம். அதிபரும் கூட வருவார். அவைக்கு முன்னாலை நீ பாடு பிள்ளை. கேட்டாரெண்டால் உன்னைச் சங்கீதத்திலையிருந்து எடுக்க அவருக்கு மனம் வராது" என்றார். வருகிற அதிகாரிகள் கேள்வி கேட்டால் நாங்கள் முழிக்கக் கூடாதென்று "சங்கீதக் கல்வியின் நோக்கங்கள்" என்று ஏழு நோக்கங்களையும் விளக்கத்தோடு சொல்லி எழுதுவித்தார். அந்தக் கிழமை முழுவதும் இடைவேளைகளில் ஜெனிற்றா வாகை மரத்தின் கீழ் நின்று பாடிப் பார்த்தாள், நான் மரத்தின் மறுபக்கத்தில் நின்று நோக்கங்களைப் பாடமாக்கினேன். இடையிடையே எட்டிப் பார்த்து, "இந்த இடம் சரியோடி சுகந்தி?" என்று கேட்பாள். எனக்கென்ன தெரியும், ஓம் என்று சொல்லிவைத்தேன்.

அதிகாரிகள் அதிபரின் அறையில் வடையும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு அவரோடு கொட்டிலுக்கு வந்தபோது பாடவேளையில் பாதிக்கு மேல் போய்விட்டது. ரீச்சரின் கை துருத்தியில் இருந்தது. ஜெனிற்றா பக்கத்தில் நின்று கழுத்துப் பட்டியை நீவிக்கொண்டிருந்தாள். மூத்த அதிகாரி சும்மா ஒரு பேச்சுக்கு, "சங்கீதம் எதுக்குப் படிக்கிறம்? ஆராவது ரெண்டு நோக்கம் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். நான் கை தூக்கினேன்.

இரண்டு சொன்னேன். "அட, கெட்டிக்காரி" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக மூன்றாவதையும் சொன்னேன். பிறகு நாலாவதை அதன் விளக்கத்தோடு சொன்னேன். ரீச்சர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், போதும் என்ற அசைப்பு அது. எனக்கு விளங்காமலில்லை. ஜெனிற்றா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதையும் கண்டேன். இன்னும் கொஞ்சந்தானே என்று நினைத்தேன். "ஐந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் மறைந்திருக்கும் இசையாற்றலை இனங்கண்டு வளர்த்தல்" என்று அவளுடைய முகத்துக்கு நேரே நின்று சொன்னேன். ஏழாவதை முடித்தபோது மணி அடித்தது.

அதிகாரிகள் கை தட்டினார்கள். "நல்லாப் படிப்பிச்சிருக்கிறியள் ரீச்சர்" என்று கோப்பில் எழுதினார்கள். "சேர், இந்தப் பிள்ளை ஒரு பாட்டு..." என்று ரீச்சர் இழுத்தார். "நேரம் போட்டுது, அடுத்த முறை கேப்பம்" என்றார் மூத்தவர். அதிபர் அதற்குள் கொட்டிலை விட்டு வெளியே போய்விட்டார். ரீச்சர் கற்பூரத்தைத் திரும்ப உள்ளே போட்டுப் பெட்டியை மூடினார்.

அடுத்த நாளே ஜெனிற்றா சித்திர வகுப்புக்குப் போனாள். அவள் என்னோடு சண்டை பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "நீ நல்லாச் சொன்னனி" என்றுதான் சொன்னாள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் வருவதும் குறைந்து, பரீட்சைக்கு முன்னமே நின்றுவிட்டாள். நான் ஒன்பது "ஏ" எடுத்தேன், சங்கீதத்திலும் "ஏ". அப்பா ஒழுங்கை முழுக்கக் கற்கண்டு கொடுத்தார்.

இப்போது நான் நகரத்தில் வேறொரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. இங்கே சங்கீதத்துக்கு மாபிள் பதித்த அறை இருக்கிறது. சுருதிப்பெட்டி இளம் ரீச்சர் ஒருவரின் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது, அது இருமுவதில்லை. அறை பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது, ஏனென்றால் பரீட்சை நெருங்க நெருங்கச் சங்கீதப் பாடவேளையைக் கணக்குக்குத் தரச்சொல்லிக் கேட்டு வாங்குகிறோம். கேட்கிறவர்களில் முதல் ஆள் நான். அந்த இளம் ரீச்சரும் "எடுங்கோ மிஸ்" என்று உடனே தந்துவிடுகிறார்.

சென்ற தவணை அப்படி வாங்கிய ஒரு பாடவேளையில், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சமன்பாடு செய்துகொண்டிருக்கையில், பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை தன்னை மறந்து மெல்ல முனகியது. அந்தக் குரலை நான் அறிவேன். ஆனால் என் வாய், "ஆரது சத்தம் போடுறது?" என்றுதான் கேட்டது.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையின் தாயாக ஜெனிற்றா வந்தாள். மீன் பதனிடும் இடத்தில் வேலை, விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவள் என்னை "ரீச்சர்" என்றுதான் சொன்னாள்.

"உவளைச் சங்கீதத்திலையிருந்து சித்திரத்துக்கு மாத்தி விடுங்கோ ரீச்சர். உங்களை மாதிரிப் பாடமாக்கி எழுத உவளுக்குத் தெரியாது."

"அவளுக்கு நல்ல குரல், ஜெனிற்றா."

"ஓம், அது எனக்கும் இருந்தது" என்றாள்.

நீ இப்போதும் கோயிலில் பாடுகிறாயா என்று கேட்டேன். எப்பவோ விட்டாச்சு என்றாள். வகுப்பாசிரியை நான்தான், என் கையொப்பம் இல்லாமல் பாடம் மாற்ற முடியாது. எந்த நியாயத்தைச் சொல்லி மறுப்பேன்? எனக்குத் தெரிந்தது அந்த ஏழு நியாயங்கள்தான், அவற்றை அவள் ஏற்கனவே என் வாயால் கேட்டுவிட்டாள். ஒப்பம் வைத்தேன்.

அடுத்த கிழமையும் சங்கீதப் பாடவேளை எனக்குக் கிடைத்தது, அதே நேரத்துச் சித்திர வகுப்பையும் கேட்டு வாங்கினேன். பின் வாங்கில் அந்தப் பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. பேனைகள் ஓடும் சத்தத்தைத் தவிர வகுப்பில் எந்தச் சத்தமும் இல்லை. கொப்பிகளை வாங்கித் திருத்தினேன், அவளுடைய சமன்பாடு முழுவதும் சரியாக இருந்தது.