தொரினோவில் ஒரு மச்சான்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி தாண்டிச் சற்று நேரத்தில் செய்தி வந்தது. பார்த்திபன் அப்போது குளித்து முடித்து, புது வேட்டி கட்டி, வாசலில் நின்ற வேனின் பின்சீட்டில் சீர்த் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தேங்காய், பழம், பாவாடை சட்டை, நடுவில் மஞ்சள் துணியில் சுற்றிய தோடு. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இத்தாலியிலிருக்கும் பியெரோவின் எண். ராத்திரி கால்பந்து ஆட்டம் இருக்கிறது, அதைத்தான் நினைவுபடுத்துகிறான் என்று நினைத்து எடுத்துப் பார்த்தான்.

எழுதியிருந்தது பியெரோ இல்லை, அவனுடைய மகள் எலேனா. ஆங்கிலத்தில் நாலைந்து வரிதான். அப்பா நேற்றிரவு இறந்துவிட்டார். மாரடைப்பு. ஆட்டத்துக்கு முன்னால் நீங்கள் அவரைக் கூப்பிடுவீர்கள் என்று தெரியும், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

“இன்னாங்க, வெத்தல பாக்கு வெச்சிட்டீங்களா?” என்று உள்ளேயிருந்து மனைவி வசந்தி கேட்டாள்.

“வெச்சிட்டேன்.”

குரல் எப்போதும் போலத்தான் வந்தது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பழத் தட்டு சரியாமல் இருக்க ஒரு துண்டை மடித்து அதன் அடியில் கொடுத்தான். பிறகு நேராகக் குளியலறைக்குப் போய், புது வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். மலைமேல் இருக்கும் காவலூரில் தை மாதத்துக் காலைத் தண்ணீர் எலும்பில் இறங்கும். மூச்சு அடைத்தது. இன்னும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டான்.

வெளியே வந்தபோது வசந்தி தலையில் பூவைச் செருகியபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்பதான குளிச்சீங்க?”

“வேன் கதவுல கிரீசு. தலையில பட்டுட்ச்சி.”

“தலையிலயா? கதவ இன்னா, தலையாலயா தொறந்தீங்க?”

அவன் வேன் சாவியைத் தேடப் போனான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு இருந்த வேலை அப்படி.

தங்கை கீதாஞ்சலியின் மகளுக்குக் காது குத்து. ஆலங்காயத்துக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கும் அவள் மாமியார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில். தேதி குறிப்பது இது மூன்றாவது முறை. முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அந்த வீட்டுப் பங்காளி ஒருவர் இறந்துபோனார். இரண்டாம் தேதியில் குழந்தைக்கு அம்மை. ராசியில்லாத குழந்தை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கீதாஞ்சலி அன்றிரவு அண்ணனுக்குப் போன் செய்து அழுதாள். இந்த முறை தாய்மாமன் வீட்டிலிருந்தே சாவுச் செய்தி வந்தது என்றால் அவள் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது. அதனால் அவன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

மலைப்பாதையில் இறங்கும்போது பின்னால் பெண்கள் பேசிச் சிரித்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் தட்டுகள் கிணுகிணுத்தன. தன் குளியல் செல்லுமா என்று பார்த்திபன் யோசித்துக்கொண்டே ஓட்டினான். பங்காளி செத்தால் நாள்கணக்கில் தீட்டு, கோயில் படியே மிதிக்கக்கூடாது. மாமன் மச்சான் உறவு என்றால் தலைக்குக் குளித்தால் தீர்ந்தது. உறவே இல்லாதவன் செத்தால் குளிக்கவே வேண்டாம். பியெரோ இதில் எது?

வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் பார்த்திபன் ஒன்பது வருடம் வேலை பார்த்தான். இத்தாலியிலிருந்து வந்த மெஷின்களைச் சரிபார்க்க வருடத்துக்கு இரண்டு முறை பியெரோ வருவான். முழு வழுக்கை, பெரிய தொப்பை, நடக்கும்போது பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிகிற நேரத்தில் அவன் தன் போனைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தான். ஒவ்வொருவரிடமும் “நெட்? நெட்?” என்று கேட்டான். லாட்ஜில் வைஃபை இல்லை, அவன் சிம்மில் டேட்டா தீர்ந்திருந்தது. அன்றைக்கு பார்த்திபனிடம் இருந்தது. இருவரும் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் பார்த்திபனின் போனைச் சாய்த்து வைத்து ஆட்டம் பார்த்தார்கள். அரக்குச் சிவப்புச் சட்டை போட்டவர்கள் நம்ம ஆளுங்க என்று பியெரோ சைகையில் சொன்னான். தொரினோ என்பது ஊர்ப்பெயர், கிளப்பின் பெயரும் அதுதான். அன்று தோற்றார்கள். அடுத்த ஞாயிறும் தோற்றார்கள்.

அதே ஊரில் வேறொரு பெரிய கிளப் இருப்பதும், அது கோப்பை கோப்பையாக வாங்குவதும் பின்னால் தெரிந்தபோது, அதை விட்டுவிட்டு இது எதற்கு என்று பார்த்திபன் கேட்டான். பியெரோ ஒரு ஷூவை விமானம் போலத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். மற்றொரு கையின் முட்டியைக் குன்று என்றான். வெகு காலத்துக்கு முன்னால் அந்த அணி மொத்தமும் ஏறி வந்த விமானம் மூடுபனியில் ஊருக்கு மேலிருக்கும் குன்றில் மோதியது. ஏறியவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இன்றைக்கும் வருடா வருடம் மே மாதத்தில் ஜனங்கள் அந்தக் குன்றின் மேல் கூடுகிறார்கள், அணித்தலைவன் நின்று செத்தவர்களின் பெயர்களைப் படிக்கிறான். “உங்க சொந்தக்காரங்க யாராவது அதுல?” என்று பார்த்திபன் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டி, தன் அப்பா பார்த்த ஆட்டக்காரர்கள் என்று மட்டும் சொன்னான்.

கம்பெனிப் பையன்கள் அவனுக்கு “மச்சான்” என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வாட்ச்மேனையும் மச்சான் என்றான், மேனேஜரையும் மச்சான் என்றான். மேனேஜரின் முகத்தைப் பார்த்ததிலிருந்து அதைச் சுருக்கிக்கொண்டான். கடைசியில் பார்த்திபன் ஒருவன்தான் அவனுக்கு மச்சான்.

கம்பெனியில் தன் பிரிவை மூடியபின் பார்த்திபன் காவலூருக்கே திரும்பி வந்து பள்ளி வேன் ஓட்டினான். பியெரோவும் ஓய்வு பெற்றான். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. வீட்டில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் வானாய்வகத்தைத் தாண்டி வரும் வளைவில் வேனை நிறுத்துவான். ஸ்டியரிங்கில் போனைச் செருகி நேரலை பார்ப்பான், வசந்தியின் பழைய போனில் பியெரோ பேசிக்கொண்டிருப்பான். அரைகுறை ஆங்கிலம்தான், பேச்சென்று பெரிதாக எதுவும் இல்லை. நடுவர் மீது திட்டு, அவரவர் வீட்டுச் சாப்பாடு, மழை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. டிவியில் பார்க்கும் பியெரோவுக்கு ஆட்டம் முன்னாடியே வந்துவிடும், பார்த்திபனின் போனுக்கு அரை நிமிடம் கழித்துத்தான் வரும். முதல் நாள் பியெரோ கத்திய கத்தலில் கோல் கெட்டுப்போனது. அதன்பிறகு கோல் விழுந்தால் வாயைப் பொத்திக்கொள்வான், அதுவும் முடியாவிட்டால் போனை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவான். ஆனால் ஓயாமல் பேசுகிறவன் பேச்சை நிறுத்தினால் அதுவே சேதிதான். கோல் விழப்போகிறது என்று பார்த்திபனுக்குத் தெரிந்துவிடும். யாருக்கு என்பது மட்டும் தெரியாது. அந்த அரை நிமிடம் இருவரும் ஆளுக்கொரு தேசத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கோயில் வாசலில் வேன் நின்றதும் கீதாஞ்சலி ஓடி வந்தாள். “இவ்ளோ நேரமாண்ணா? ஆசாரி ரெண்டு டீ குடிச்சிட்டாரு.” அவள் முகத்தில் இருந்த களையைப் பார்த்ததும், சொல்லாமல் வந்தது சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் கோயில் படியில் கால் வைக்கும்போது ஒரு கணம் நின்றான்.

“இன்னாப்பா, படி வழுக்குதா?” என்றார் கீதாஞ்சலியின் மாமியார் மாணிக்கம்மாள். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

வசந்தி சிரித்துக்கொண்டே, “அவருக்கு இன்னிக்கு ரெண்டு குளியல் அத்த. எங்க கல்யாணத்தன்னிக்கே ஒண்ணுதான் குளிச்சாரு” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மாணிக்கம்மாள் சிரிக்கவில்லை.

“ரெண்டாவது எதுக்குப்பா?”

“கிரீசு அத்த.”

அவர் இவன் முகத்தையே பார்த்தார். அவன் பழத் தட்டைப் பார்த்தான். “சரி, கொழந்தய வாங்கி மடியில வெச்சிக்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை அவன் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். முதல் காதில் குத்தியதும் குழந்தை வீறிட்டது. அந்த நேரத்தில் அவன் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை காலியாக இல்லை.

“தாய்மாமனுக்கும் சேர்த்துக் குத்திட்டாரா ஆசாரி?” என்றாள் பெண்களில் ஒருத்தி.

“அவுருக்கு ஒரு பழம் குடுங்கடி.”

“பாசத்தப் பாரு. வூட்டுக்குப் போனா பாப்பா மறந்துடும், இவுரு மறக்கமாட்டாரு போல.”

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அவன் நன்றாகவே அழுதான். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் காதும் முடிந்து, தோட்டின் திருகை ஆசாரி முடுக்கியபின்தான் நிமிர்ந்தான். கீதாஞ்சலி மட்டும் சிரிக்காமல் நின்றிருந்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வேன் சாவியை எடுத்தான்.

“இன்னிக்குமா மேட்சு? ஒடம்பு வலிக்கலையா ஒங்களுக்கு?” என்றாள் வசந்தி. “சரி, போங்க. அந்த வெள்ளக்காரரு கிட்ட நானும் விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றான்.

வளைவில் வேனை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். ஸ்டியரிங்கில் போனைச் செருகினான். பழைய போனைப் பழக்கத்தில் பக்கத்துச் சீட்டில் வைத்தவன், அது எதற்கு என்று எடுத்து டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினான். அரக்குச் சிவப்புச் சட்டைகள் மைதானத்துக்குள் வந்தன. முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில் யாரோ பந்தை வலது பக்கத்திலிருந்து உயர்த்தி அடித்தார்கள், உள்ளே ஒரு தலை எழும்பியது, பந்து வலைக்குள் கிடந்தது. தொரினோ கோல்.

பார்த்திபனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடத்தில் ஒரு கோலும் அவனிடம் முன்னால் சொல்லாமல் விழுந்ததில்லை. மைதானத்தில் ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஆடினார்கள். அவன் பக்கத்துச் சீட்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தான்.

கோலுக்குப் பிறகு ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. அப்போது படம் மறைந்து கீதாஞ்சலியின் பெயர் திரையில் வந்தது.

“அண்ணா, வூட்டுக்குப் போய்ட்டியா?”

“வந்துட்டோம். நான் வளைவுல வண்டில கீறன். பாப்பா தூங்கிட்டாளா?”

“இப்பதான். ஒரே ரகள.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உனக்கு இன்னா ஆச்சிண்ணா?”

“ஒண்ணுமில்லியே.”

“ஒண்ணுமில்லாம ரெண்டு தடவ குளிப்பியா? என் மாமியா அப்பவே என் காதுல சொல்ட்டாங்க, ஒங்கண்ணன் எதையோ முழுங்கினு நிக்கிறான்னு. குத்தி முடியட்டும், பொறவு கேளுன்னாங்க. யாருண்ணா செத்தது?”

அவன் சொன்னான். ஷூ கம்பெனி பியெரோ. நேற்றிரவு. காலையில் தட்டு அடுக்கும்போது சேதி வந்தது.

“தெரிஞ்சே கோயிலுக்குள்ள வந்துட்டேன் கீதா. பாப்பாவ மடியில வெச்சினு இருந்தேன். தப்புதான். ஒங்க மாமியாகிட்ட நானே சொல்லிடட்டுமா?”

திட்டப்போகிறாள் என்று நினைத்தான்.

“அவுரு ஒன்ன இன்னான்னு கூப்டுவாரு?”

“மச்சான்னு.”

“பங்காளி இல்லல்ல?”

“இல்ல.”

“தலைக்கு ஊத்திக்கினியா?”

“காத்தாலயே. பச்சத் தண்ணில.”

“அப்புறம் இன்னா? மச்சான் மொறைக்கு அதான். தீந்துட்ச்சி.” அவள் குரல் வழக்கை முடித்துவைத்தவள் குரல் மாதிரி இருந்தது. “மாமியா கேட்டா அப்டியே சொல்ட்றேன். எங்கண்ணனுக்கு மச்சான் மொறை ஆவணும், குளிச்சிட்டுத்தான் வந்தாருன்னு.”

பார்த்திபன் மூக்கை உறிஞ்சினான்.

“அழுவுறியா?”

“ம்.”

“அழு. வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான கீற?”

“ஓரமாத்தான் கீது.”

“அண்ணிகிட்ட சொல்லிடு. அவுங்களுக்கும் மொறைன்னு ஒண்ணு கீதுல்ல.”

அவள் போனை வைத்தபின் அவன் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்து, சத்தம் வெளியே கேட்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அழுதான். ஒரு பைக் மெதுவாகி, பள்ளி வேன்தான் என்று கண்டுகொண்டு போய்விட்டது. பிறகு எலேனாவுக்கு இரண்டு வரி எழுதினான். வீட்டுக்குப் போய் வசந்தியிடம் சொன்னான். அவள் எதுவும் கேட்காமல் அடுப்பில் தண்ணீர் வைத்துச் சுட வைத்து, தன் தலையில் இருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

தங்கையின் அழைப்பு வந்தபோது அந்த ஆட்டத்தில் இன்னும் கால் மணி நேரம் மீதமிருந்தது. அந்த மிச்சத்தை அவன் இதுவரை பார்க்கவில்லை.