கல் பொறுக்கும் கை

முத்துப்பேச்சி இருபது வருடமாக விருதுநகர் பருப்பு மில்லில் கல் பொறுக்குகிறாள். அந்தக் கண்ணை நம்பித்தான் கல்லூரி ஆசிரியை சுகிர்தா, அரியலூர்ப் பக்கத்து ஓடையில் அள்ளிச் சலித்த மணலை நான்கு மூட்டை கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்கினாள். இரை பிடித்துத் தின்ற சிறிய டைனோசர்களின் பல் அதில் இருக்கலாம். உளுந்தளவுதான் இருக்கும், கத்திபோல் வளைந்து, ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும்.

மூன்று ஞாயிறுகளில் மூன்று மூட்டை முடிந்தது. ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை.

"விட்டுருவோம்க்கா. இந்த மணல்ல இல்ல போல. கடைசி மூட்டை வேண்டாம்" என்றாள் சுகிர்தா.

முத்துப்பேச்சி தன் வலது கையைப் பார்த்தாள். சொளகில் பரப்பிய மணலில் நிறம் மாறி எது தெரிந்தாலும், யோசிக்கும் முன்பே அந்தக் கை அதை எடுத்துச் சுவரோரம் வீசியிருந்தது. மில்லில் அதுதான் வேலை.

"இல்லாம இல்ல டீச்சர். நாந்தான் எறிஞ்சிருக்கேன்."

"என்னக்கா சொல்றீக?"

"கல்லுன்னு கை தூக்கிப் போட்டுருச்சு. வெறும் மணலத்தான் பருப்பாட்டம் பத்திரமா வச்சிருக்கேன்."

"மூணு மூட்டைப் பருப்பா?" சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சுக்கோங்க. அந்தச் சுவரோரத்த மட்டும் மிதிச்சிராதீக."

சுவரோரம் கிடந்ததை வழித்துச் சொளகில் போட்டாள். இந்த முறை இடது கையால் பொறுக்கினாள். அதற்கு மில் பழக்கம் இல்லை. ஒவ்வொன்றையும் தடுமாறி எடுத்து, திருப்பிப் பார்த்துத்தான் வைத்தது. நான்கு மணிவாக்கில் ஒன்று விரல்நுனியைப் பிறாண்டியது. சுகிர்தா லென்ஸில் வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லுதான்க்கா."

"அப்ப நாலாவது மூட்டைய அவுத்துவிடுங்க" என்றாள் முத்துப்பேச்சி.