நடுக்குழலோடு எண்ணூர் வரை

போன ஞாயிறு கல்மண்டபத்திலிருந்து எண்ணூருக்குப் போய்வந்தேன். பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் இவ்வளவு பயந்து நான் எங்கும் போனதில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள்.

எங்கள் குழுவில் நாலு பேர். நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசையை மரக்குழல்களில் வாசிப்போம். பாடகர் கிடையாது, பக்கவாத்தியம் என்றும் தனியாக ஒன்று கிடையாது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார்; அவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் அதே மெட்டோடு உள்ளே வருவார். நாலும் தனித்தனியாக நடக்கும், ஆனால் முட்டாது. நானும் ஸ்டெல்லாவும் மேல் குரலுக்கும் கீழ் குரலுக்கும் நடுவில், ஒரே அளவுக் குழல். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் பில் போடும் பெண் அவள். நோட்டுத் தாளைப் பார்த்து, நான் வாசிக்க வேண்டிய வரியை அவள்தான் வாசித்துக் காட்டுவாள். நான் காதால் பிடித்துக்கொள்வேன்.

கேட்டது எனக்கு மறக்காது. அதுதான் வினை. எல்லார் வரியும் தலைக்குள் இருப்பதால், ஒத்திகையில் வழி மாறி ஸ்டெல்லாவின் வரிக்குள் போய்விட்டேன். வாசிப்பே நின்றுபோனது. "எண்ணூர் சர்ச் கச்சேரிலயும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தான் பாக்கணும் பெரியவரே," என்றார் குழுவை நடத்தும் மாஸ்டர். மனைவி போன பிறகு, எனக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்ப மிச்சமிருப்பது அந்த ஒத்திகை ஒன்றுதான்.

மூன்று மணிக்கு வண்ணாரப்பேட்டையில் ஸ்டெல்லாவோடு மெட்ரோ ஏறினேன். விம்கோ நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ரெண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் உரசுகிற மாதிரி வந்தன. குழல் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"இன்னா நைனா, மடியில கொயந்தையா?" என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்து.

"கொயலுப்பா. வாசிக்கப் போறேன்."

"கை இந்த ஆட்டம் ஆடுது. வாசிச்ச மாரிதான்!"

ஸ்டெல்லா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சர்ச் மண்டபம் நிறைந்திருந்தது. உதடு காய்ந்து குழலில் ஒட்டியது. முதல் ரெண்டு பாட்டிலும் தப்பித்தேன். மூன்றாவதில் ஸ்டெல்லா தொடங்க, நான் சரியாகத்தான் நுழைந்தேன். பாதியில் அவள் மெட்டு மேலே ஏறியது. என் விரல்களும் கூடவே ஏறிவிட்டன. ரெண்டு குழலும் ஒரே குரலாகின. என் வரி இருந்த இடம் காலி. திரும்பிப் போக வழி தெரியவில்லை. மாஸ்டரின் கண் எங்கள் பக்கம் வந்தது.

ஒரு மூச்சு போனது. பிறகு என் வரி கேட்டது, பக்கத்திலிருந்து. ஸ்டெல்லா கண்ணை மூடி அதை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் வழியிலேயே கடைசிவரை போனேன். கைதட்டினார்கள்.

"என் வூட்ல பூந்துகினியே நைனா," என்றாள் வெளியே வந்ததும். "நான் எங்க போவேன்? உன் வூட்டுக்குப் போய்ட்டேன்."

"மாஸ்டருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அவருக்கும் காது கீதுல்ல, கேட்டிருக்கும்."

மாஸ்டர் பின்னாலேயே வந்துவிட்டார். "புதன்கிழமை ரெண்டு பேரும் சீக்கிரம் வாங்க. ரெண்டு வரியையும் ரெண்டு பேரும் வாசிச்சுக் காட்டணும். வேற ஆளைப் பாக்குறதெல்லாம் அதுக்கப்புறம்."

எண்ணூர் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்காராதீர்கள். ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள், அப்புறம் இடம் கிடைக்காது. கை நடுங்குகிறவர்கள், பக்கத்தில் உட்காருவது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை. நாளை புதன்.